ஆரியங்காவுப் பாதைக்கு எந்தக் கார்: செடானா, எஸ்யூவியா?

செங்கோட்டையிலிருந்து புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று மலையைச் சுற்றி இறங்கிக் கேரளத்துப் புனலூரை அடையும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பாதையை மாதத்தில் மூன்று நான்கு முறையாவது கடக்கும் குடும்பம் எங்களுடையது. மனைவி பிறந்த ஊர் புனலூர். அம்மாவின் முழங்காலுக்கு வைத்தியம் பார்ப்பது கொல்லத்தில். 2010-ஆம் ஆண்டில் வாங்கிய செடான், அதாவது பின்னால் டிக்கி தனியே நீண்ட தாழ்ந்த கார் ஒன்று, இத்தனை காலமும் எங்களைச் சுமந்திருக்கிறது. 15 ஆண்டு முடிந்து, எஃப்சி எடுத்து, ஆர்சியை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தும் ஆகிவிட்டது. ஆனால் முன்பக்கச் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்று கிடைக்காமல் மூன்று வாரம் வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றபோது, எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “தம்பி, வண்டியில ஒரு கொறையும் இல்ல, சாமான்தான் இல்ல” என்றார். அந்த மாடலை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த வண்டி எது என்ற பேச்சு அன்று இரவே வீட்டில் தொடங்கியது.

முதலிலேயே என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். தாழ்வாக அமர்ந்து, கையால் கியர் மாற்றி, வளைவில் சாலையின் பிடிப்பை ஸ்டியரிங்கிலேயே உணர்ந்து ஓட்டும் கார்களை விரும்புகிறவன் நான். என்னைப் போன்றவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகள் துக்கம் விசாரித்தே கழிந்தன. கொரோலா ஆல்டிஸும் சிவிக்கும் 2020-இல் இந்தியச் சந்தையை விட்டுப் போயின, யாரிஸ் 2021-இல், போலோவும் எலான்ட்ராவும் 2022-இல், ஆக்டேவியா 2023-இல், சியாஸ் 2025-இல். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையை மீண்டும் இயக்க இப்போது அது ஒப்பந்தம் செய்திருந்தாலும், அங்கே உருவாகப்போவது இன்ஜின்தான், கார் அன்று. அதே நிறுவனம் 2018 ஏப்ரலிலேயே அமெரிக்காவில் மஸ்டாங் தவிர மற்ற கார்களைக் கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2023 ஜூலையில் கடைசி ஃபியஸ்டாவும் வெளிவந்து முடிந்தது. செவ்ரோலே மாலிபு 2024 நவம்பரில் நின்றது. 2025-இல் ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவுக்குத் திரும்பியது உண்மை. ஆனால் நாடு முழுவதற்கும் நூறு வண்டிகள் மட்டுமே. திருவிழாவுக்கு வந்து தேர் பார்த்துவிட்டு அன்றே ஊர் திரும்பும் உறவினரை வீட்டில் இருப்பவர் கணக்கில் சேர்க்க முடியுமா?

தாழ்ந்த கார் போய் உயரமான எஸ்யூவி வரும் இந்த மாற்றத்துக்கு வாங்குகிறவர்களின் மனமாற்றம் ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த எரிபொருள் சிக்கன விதிகள், சிறு லாரி வகையில் சேரும் வண்டிகளுக்குக் கார்களைவிடத் தளர்வாக இருந்தன. எஸ்யூவிகள் அந்த வாசல் வழியாகவே வீட்டுக்குள் நுழைந்தன. இந்தியாவில் நடந்தது வேறு விதம். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலானால் 1200 சிசிக்கும் டீசலானால் 1500 சிசிக்கும் உட்பட்ட இன்ஜினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்த விதி நீளத்துக்கு அளவுகோல் வைத்ததே தவிர உயரத்துக்கு வைக்கவில்லை. செடானுக்கு அழகு வாலில். வாலை வெட்டினால்தான் 4 மீட்டருக்குள் அடங்கும். 2008-இல் இண்டிகோ சிஎஸ் அப்படி வெட்டப்பட்டு வந்தது. 2012-இல் டிசையரும் வாலைச் சுருக்கிக்கொண்டது. உயரமான வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. 4 மீட்டருக்குள் நின்றுகொண்டே மேலே வளரலாம். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற ஏறக்குறைய 43 லட்சம் பயணியர் வாகனங்களில் எஸ்யூவிகள் அடங்கிய யுடிலிட்டி வகையைச் சேர்ந்தவை மட்டும் ஏறக்குறைய 28 லட்சம்.

கார் ஆர்வலர்கள் கோபத்தில் மறக்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘நம் பாரம்பரியக் கார்’ என்று நாம் உருகுவது உண்மையில் எத்தனை பழையது? என் தாத்தா காலத்தில் இந்த மலையில் ஏறி இறங்கிய அம்பாசடரின் உயரம் ஏறக்குறைய 1600 மில்லிமீட்டர். இன்றைய நெக்சான் எஸ்யூவியின் உயரம் 1620. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் குனியாமல் ஏறி, சோபாவில் அமர்வதுபோல அமர்ந்த வண்டி அம்பாசடர். நான் உருகும் வகைத் தாழ்ந்த புதுச் செடான் நம் சாலைகளில் பரவலானது 1990-களின் பிற்பகுதியில்தான். ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998-இல். ஆகவே நாம் இழப்பதாகச் சொல்லும் மரபுக்கு வயது ஏறத்தாழ ஒரு தலைமுறை. அம்மாவின் தலைமுறைக்கு எஸ்யூவி புதுமையாகத் தோன்றுவதில்லை. பழைய அம்பாசடர் திரும்பி வந்ததுபோல இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வீட்டில் என் வாதங்களின் சுருதி குறைந்தது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். இதில் ஒரு வசதி இருக்கிறது: ஒரே அடித்தளத்தில், ஒரே இன்ஜினோடு, தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றுமாக இரட்டைப் பிள்ளைகளைப் போலப் பல கார்கள் விற்கின்றன. ஸ்கோடாவில் ஸ்லாவியாவும் குஷாக்கும். ஃபோக்ஸ்வேகனில் விர்டஸும் டைகுனும். ஹோண்டாவில் சிட்டியும் எலிவேட்டும். சிட்டியில் இருக்கும் 121 பிஎஸ், 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்தான் எலிவேட்டிலும் இருக்கிறது. எனவே ‘எஸ்யூவிக்கு மலை ஏற வலு அதிகம்’ என்று ஷோரூமில் யாராவது சொன்னால், இந்த ஜோடிகளின் பெயரைச் சொல்லி இன்ஜின் விவரத்தைக் கேளுங்கள். மற்றவை ஒன்றாக இருக்கும்போது உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன, பெறுவது என்ன என்பது இந்த ஜோடிகளில் துலக்கமாகத் தெரியும்.

தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு வரையுள்ள இடைவெளியை, கிரவுண்ட் கிளியரன்ஸை, எடுத்துக்கொள்வோம். ஸ்லாவியாவுக்கும் விர்டஸுக்கும் 179 மில்லிமீட்டர். அவற்றின் உயரமான உடன்பிறப்புகளான குஷாக்குக்கும் டைகுனுக்கும் 188. வேறுபாடு 9 மில்லிமீட்டர். என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். இதற்காக டிக்கியில் 521 லிட்டர் இடத்தை 385 லிட்டராகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹோண்டா ஜோடியில் கணக்கு வேறு: சிட்டிக்கு 165, எலிவேட்டுக்கு 220. அது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு. ஆகவே ‘எஸ்யூவி’ என்ற பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் முதல் பரிந்துரை. எண்ணைப் பார்த்தாலும், அந்த எண் வெறும் வண்டிக்குச் சொல்லப்பட்டதா, ஆள் ஏறிய வண்டிக்கா என்பதைக் கேட்டுக்கொள்ளவும். நாங்கள் ஐந்து பேரும், புனலூருக்குக் கொண்டுபோகும் அரிசி மூட்டையும், திரும்பும்போது மாமியார் கட்டிக்கொடுக்கும் பலாப்பழமும் ஏறிய பிறகு, பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. எங்கள் பழைய வண்டி அடி இடித்தது மலையில் இல்லை. எல்லை தாண்டிய ஊர்களுக்குள், மனைவி வீட்டார் ‘ஹம்ப்’ என்று சொல்லும் வேகத்தடைகளில்தான். அதுவும் நிறை சுமையோடு நேராக ஏறியபோது மட்டும்; சற்றுக் குறுக்காக ஏற்றினால் இடிக்காது.

வளைவில் தாழ்ந்த காருக்கே என் வாக்கு. இது வெறும் ரசனை அன்று. வண்டியின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு வளைவில் உடல் வெளிப்பக்கம் சாய முற்படும், அந்தச் சாய்வைத் தடுக்கச் சஸ்பென்ஷனை இறுக்கினால் குழிகளில் உலுக்கும், இளக்கினால் ஊஞ்சலாடும். புளியரை எஸ் வளைவில் முதல் திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்ந்த வண்டி நிமிர்வதற்குள் அடுத்த திருப்பம் வந்து மறுபக்கம் சாய்க்கும். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் பிடி உண்டு. பின்னிருக்கையில் இருக்கும் எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன பிடி? என் மச்சானின் எஸ்யூவியில் போன இரண்டு முறையும் மகள் ஆரியங்காவு சேர்வதற்குள் வாந்தி எடுத்தாள். எங்கள் காரில் இரண்டு வயதுக்குப் பிறகு ஒரே முறைதான். மருத்துவ ஆராய்ச்சி என்று இதைச் சொல்லமாட்டேன். மச்சான் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகவே மிதிப்பவர். ஆயினும் எஸ்யூவிக்கு ஆதரவாக இருந்த மனைவி மனம் மாறியது என் விளக்கங்களால் அன்று, கையில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பயணங்களால்தான்.

அம்மாவின் முழங்கால்தான் எனக்கு எதிரான வலுவான சாட்சி. தாழ்ந்த காரில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார் என்பது கண்கூடு. ‘உயரமான வண்டி வாங்கினால் தீர்ந்தது’ என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினேன். அம்மா தினமும் உட்கார்ந்து எழும் மர நாற்காலி தரையிலிருந்து 18 அங்குலம். எங்கள் காரின் இருக்கை 20 அங்குலம். மச்சானின் எஸ்யூவியில் 27. ஆக, அம்மாவைப் படுத்தியது இருக்கையின் தாழ்வு அன்று. கூரை தாழ்வாக இருப்பதால் தலையைக் குனிந்து, ஒரு காலில் நின்று, உடலைத் திருப்பி, மற்றக் காலை உள்ளே இழுக்க வேண்டியிருப்பதே சிரமம். எஸ்யூவியில் தலை இடிக்காது என்பது உண்மை. ஆனால் ஐந்தடிக்கும் குறைவான அம்மா கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் மேலே ஏறினார், இறங்கும்போது கால் தரையைத் தேடியது. “இதுக்கு ஆட்டோவே தேவலைப்பா” என்றார். அவர் சொன்னதில் பொறியியல் இருக்கிறது: ஆட்டோவில் இருக்கை இடுப்புயரம், கதவு இல்லை, குனிய வேண்டியதில்லை. அதற்கு மிக அருகில் வருவது வேகன்ஆர் போன்ற உயரக் கூரை ஹேட்ச்பேக், அதாவது டிக்கி தனியே நீளாத சிறிய கார். முழங்கால் வலியே முதன்மை என்றால் செடானும் வேண்டாம், எஸ்யூவியும் வேண்டாம், அந்த வகையைப் பாருங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். எங்களுக்கு டிக்கியும் வேண்டும், நெடுஞ்சாலையும் உண்டு என்பதால் அது ஒத்துவரவில்லை. முழங்கால் மருத்துவர் சொன்ன முறை ஒன்று கைகொடுத்தது: முன்னிருக்கையை முழுவதும் பின்னால் தள்ளிவிட்டு, முதலில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வது. தாழ்ந்த காரில் அது எளிது. கால் தரையில் ஊன்றியிருக்கும்.

இனி முன்னால் இருந்த வழிகளை வரிசையாக அன்றி, எங்களுக்கு முக்கியமாகத் தோன்றிய அளவில் பார்க்கிறேன்.

பழைய வண்டியையே வைத்துக்கொள்வது என் நெஞ்சுக்கு நெருக்கமான வழி. செலவும் குறைவு. ஆனால் சாமான் தட்டுப்பாடு ஒரு பக்கம் இருக்க, எத்தனால் என்ற புதிய விருந்தாளியும் வந்திருக்கிறார். இப்போது பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2010-இல் செய்த வண்டியின் எரிபொருள் குழாய்களும் சீல்களும் அந்த அளவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். ஊருக்குள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர வண்டி இன்னும் தாராளமாக உழைக்கும். இரவு எட்டு மணிக்கு அம்மாவோடு கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

பயன்படுத்திய செடான் வாங்கலாம் என்பது ஆர்வலர்கள் எல்லோரும் காதில் ஓதும் மந்திரம். நிறுத்தப்பட்ட நல்ல கார்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். பழைய ஆக்டேவியாவோ 2019-இல் வந்த சிவிக்கோ கொடுக்கும் ஓட்டும் சுகத்தை அதே பணத்துக்கு எந்தப் புதிய காரும் கொடுக்காது. எல்லையில் வாழ்வதால் எங்களுக்கு இரண்டு மாநிலச் சந்தையும் திறந்திருக்கிறது. கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் நல்ல வண்டிகள் கண்ணில் படுகின்றன. ஆனால் கேஎல் எண் கொண்ட வண்டியை வாங்கித் தென்காசியில் நிலையாக ஓட்ட வேண்டுமானால் அங்கிருந்து என்ஓசி என்னும் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே வரி கட்டி, டிஎன் 76 எண்ணுக்கு மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். விலை பேசும்போதே இந்தச் செலவைக் கழித்துப் பேசாதவர் பிறகு வருந்துவார்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளத்தையும், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களையும் மூழ்கடித்த வெள்ளங்களில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. கழுவி, மெருகேற்றி, வேறு ஊர்ச் சந்தையில் நிறுத்தினால் மேலோட்டமாக ஒன்றும் தெரியாது. நான் பார்க்கப்போன ஒரு வண்டியில் அண்ணாச்சி இன்ஜின் பக்கமே போகவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். மேல் பாதி கறுப்பாகப் பளபளத்தது; சுருளுக்குள் ஒளிந்திருந்த கடைசி ஒரு முழத்தில் காய்ந்த வண்டல் செம்மண் நிறத்தில் கோடு போட்டிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, பெல்ட்டை விட்டார். அது சரசரவென்று உள்ளே போனது. “வாங்க தம்பி, டீ குடிப்போம்” என்றார். இந்தப் பரிசோதனைக்குக் காசு செலவில்லை. பயன்படுத்திய வண்டி பார்க்கும் யாரும் தவறாமல் செய்யலாம். இருக்கைத் தண்டவாளத்தின் அடியில் துருவும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண்ணும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நான்கு வண்டிகள் பார்த்தோம். மனத்துக்குப் பிடித்த ஒன்று இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்டது. அதைத் திறந்து வேலை பார்க்கத் தென்காசியில் ஆள் இல்லை என்று அண்ணாச்சியே ஒப்புக்கொண்டதால் அந்த வழியை மூடினோம். பக்கத்தில் நல்ல ஒர்க்‌ஷாப்பும் இரண்டாவது வண்டியும் உள்ளவர்களுக்கு, ஓட்டுவதில் ருசி உள்ளவர்களுக்கு, இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை.

பணம் கையைக் கடிக்கும் வீடுகளுக்கு 4 மீட்டர் செடான்கள் இருக்கின்றன: டிசையர், அமேஸ், டிகோர். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. மேலே சொன்ன நீள, இன்ஜின் வரம்பைத் தாண்டிய கார்களுக்கு 40. இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. பிரெஸா 4 மீட்டருக்குள் அடங்கினாலும் அதன் பெட்ரோல் இன்ஜின் 1.5 லிட்டர் என்பதால் அது 40 விழுக்காட்டில் நிற்கிறது. அதே கடையில் நிற்கும் டிசையருக்கு 18. மேலும், தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 விழுக்காடாகவும் அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 விழுக்காடாகவும் இருப்பதால், 10 லட்சத்தை ஒட்டி நிற்கும் வண்டிகளில் ஒரு படி மேலான வகையைக் கேட்கும்போது விலை வழுக்கிக்கொண்டு மேலே போகும். 2024 நவம்பரில் வந்த டிசையர் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மலையில் அந்த இலகு நன்றாகத் தெரிகிறது. ஆனால் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஐந்து பேரோடு ஏசி போட்டுக்கொண்டு ஏறும்போது, முன்னால் ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று நடைவேகத்தில் போனால், அதைத் தாண்டும் துணிவு வரவில்லை. டாக்ஸிக்காரர்கள் தினமும் தாண்டுகிறார்களே என்று கேட்டால், அவர்கள் கை வேறு.

எஞ்சியிருப்பவை நடுத்தர அளவு செடான்கள். அதாவது சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, விர்டஸ். எண்ணிக்கை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிட்டது. மலையேற்றத்தில் இவற்றைப் பிரிப்பது குதிரைசக்தி அன்று, இழுவிசை எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதுதான். சிட்டியின் இன்ஜின் 145 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 4300 ஆர்பிஎம்மில் தருகிறது. ஸ்லாவியா, விர்டஸ் கார்களின், காற்றை அழுத்தி ஊட்டும் 1.0 லிட்டர் டர்போ இன்ஜின் 178 நியூட்டன் மீட்டரை 1750 ஆர்பிஎம்மிலேயே தருகிறது. லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டு, கிடைக்கும் நூறு மீட்டர் நேர்ச்சாலையில் தாண்ட வேண்டிய இடத்தில் இந்த வேறுபாடு உயிர் நாடி. டர்போவுக்கும் குறை உண்டு. 1500-க்குக் கீழே இறங்கிவிட்டால் தூங்கிவிடும், கொண்டை ஊசி வளைவில் கூச்சப்படாமல் முதல் கியருக்கு வர வேண்டும். சமவெளியில், திருநெல்வேலிச் சாலையில், சிட்டியின் நான்கு சிலிண்டர் வழுவழுப்பு மனத்தை மயக்குகிறது. எங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் மலை என்பதால் மயக்கத்தைத் தள்ளிவைத்தோம். வெர்னாவின் 160 பிஎஸ் டர்போ எங்கள் தேவைக்கும் பணப்பைக்கும் அப்பாற்பட்டது. இறக்கத்தில் பிரேக்கைச் சூடேற்றாமல் இன்ஜினாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதால், கையால் மாற்றும் கியரே வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் எஸ்யூவி யாருக்குத் தேவை என்பதை மறைப்பது நேர்மையாகாது. மச்சானுக்குக் குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து வீடு வரை மழைநீர் அறுத்த மண்பாதை. நடுவில் புல் வளர்ந்த மேடு, இருபுறமும் ஜீப் சக்கரம் பதித்த பள்ளம். அங்கே 200 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத வண்டி சைலன்ஸரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீடு சேரும். அவர் வாங்கியது தேவைக்காக. பெருநகரத்து வழவழச் சாலையில் ‘சாலை நன்றாகத் தெரிகிறது’ என்பதற்காக வாங்குவோரைப் பற்றியே எனக்குக் கேள்வி. எல்லோரும் உயர்ந்துவிட்டால் யாருக்கு எதன் மேல் பார்வை தெரியும்?

மின்சாரக் காரைப் பற்றிச் சுருக்கமாக. ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். இறக்கத்தில் மின்கலம் திரும்ப நிறையும் என்பது இந்த மலைக்கு எழுதி வைத்ததுபோல இருக்கிறது. ஆனால் மின்கலத்தைத் தரைக்கு அடியில் பரப்பி வைப்பதால் தரை உயர்கிறது, அதோடு கூரையும் உயர்கிறது. நம் விலையில் தாழ்ந்த மின்சாரக் காருக்கு டிகோரின் மின்சார வடிவத்தைத் தவிர வேறு பெயர் எளிதில் சொல்ல முடியவில்லை. எடைமையம் தாழ்வாக இருப்பதால் வளைவுச் சாய்வு குறையும் என்பது உண்மை என்றாலும், எங்கள் வீட்டில் ஒரே கார் என்ற நிலையில் இந்த முறை அதைத் தள்ளிவைத்தோம்.

முடிவு 1.0 லிட்டர் டர்போ, மேனுவல் கியர், நடுத்தர செடான். தென்காசியில் ஓட்டிப் பார்க்க ஆட்டோமேட்டிக் மட்டுமே இருந்தது. மேனுவலை ஓட்டத் திருநெல்வேலி வரை போனோம். அம்மாவையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்து ஷோரூம் பையன் முதலில் சிரித்தான். பிறகு, பின் சக்கரத்தருகே நான் டேப்போடு குந்தியபோது அவனும் குனிந்து டார்ச் அடித்தான். ஐந்து பேரும் மூட்டையும் ஏறிய பிறகு பின்பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்தது. எங்கள் பழைய வண்டி இரண்டு அங்குலத்துக்கு மேல் தாழும். அம்மா மருத்துவர் சொன்னபடி உட்கார்ந்து, கால்களைத் திருப்பி, கதவைத் தானே சாத்திக்கொண்டார். அன்றே முன்பணம் கட்டினோம். மேனுவல் என்பதால் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பழைய காரை விற்கவில்லை. அதன் எஃப்சி இருக்கும்வரை சந்தைக்கும் பள்ளிக்கும் ஓடட்டும் என்று விட்டிருக்கிறோம். அண்ணாச்சி, பழைய இரும்புக் கடையில் கண்ட அதே மாடலின் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்றை வாங்கி, சாக்கில் சுற்றி, எங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறார்.